கோபுரத்துக்குக் கொடுத்தது, முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தது, கட்சிக்குக் கொடுத்தது: வரியில் எது கழியும்?

ஜூலை வந்தால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒரு பக்கம் மாரியம்மனுக்கு ஆடிக் கூழ், இன்னொரு பக்கம் சார்ஸுக்கு, அதாவது நாட்டின் வரித்துறைக்கு, வருமான வரிக் கணக்கு. கணக்குக்கு உட்காரும்போது, போன வருடம் கொடுத்த நன்கொடை ரசீதுகள் எல்லாம் மேஜைக்கு வரும். கோயில் கோபுரத் திருப்பணிக்கு 5,000 ரேண்ட். முதியோர் இல்லத்துக்கு 3,000. தேர்தல் செலவுக்கு என்று ஒரு கட்சிக்கு 2,000. மூன்றும் மனமுவந்து கொடுத்த பணம்தான், மூன்றுக்கும் ரசீதும் இருக்கிறது. ஆனால் வரிக் கணக்கில் கழிக்க முடிவது அநேகமாக முதியோர் இல்லத்துக்குக் கொடுத்த 3,000 மட்டும்தான். அதுவும் அவர்கள் சரியான ரசீது கொடுத்திருந்தால்.

இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம் வரும். "கோயிலுக்குக் கொடுத்தது தர்மம் இல்லையா?" என்று கேட்பார்கள். தர்மம்தான், சட்டம் அதை மறுக்கவில்லை. சட்டம் கேட்பது வேறு ஒரு கேள்வி: இந்தச் செலவில் அரசும் தன் பங்கைப் போட வேண்டுமா? அந்தக் கேள்வி புரிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

கழிவு என்றால் அரசும் பங்கு போடுகிறது

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய கதை நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் அரசு உதவி பெறும் இந்தியப் பள்ளிகள் பலவும் பவுனுக்குப் பவுன் என்ற ஏற்பாட்டில் எழுந்தவை. ஊர் மக்கள் கரும்புத் தோட்டக் கூலியிலிருந்தும் காய்கறி விற்ற காசிலிருந்தும் ஒரு பவுன் திரட்டினால், கட்டடத்துக்கு அரசு ஒரு பவுன் போடும். ஊர் திரட்டாவிட்டால் அரசின் பணமும் வராது.

இன்றைய நன்கொடைக் கழிவும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், அரசின் பங்கு நேராகக் கண்ணுக்குத் தெரியாமல் வரிப் படிவத்துக்குள் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். கொடுத்த பணம் அப்படியே திரும்பி வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து நன்கொடைத் தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு வரி போடுவார்கள். டர்பனை அடுத்த பீனிக்ஸில் ஒரு ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 400,000 ரேண்ட். அவர் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும், சட்ட அங்கீகாரம் பெற்ற ஒரு அமைப்புக்கு மாதம் 1,000 வீதம் 12,000 ரேண்ட் கொடுத்தார். 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரையிலான வரி ஆண்டில் அவருடைய வருமானத்தின் மேல் பகுதிக்கு 31 சதவீத வரி. கழிவு எடுத்ததால் அவர் கட்ட வேண்டிய வரி 3,720 ரேண்ட் குறையும். ஆக அவர் கையிலிருந்து உண்மையில் போனது 8,280. அமைப்புக்குப் போய்ச் சேர்ந்ததோ முழு 12,000. நடுவில் உள்ள 3,720 அரசு விட்டுக்கொடுத்த வரி. அந்தப் பணம் நம் எல்லோருடைய பொதுப் பணம்.

இதே 12,000 ரேண்டை ஆண்டுக்கு 20 லட்சம் வருமானம் உள்ள ஒரு டாக்டர் கொடுத்தால், அவருடைய மேல் அடுக்குக்கு வரி 45 சதவீதம் என்பதால் அரசின் பங்கு 5,400 ஆகிறது. 200,000 வருமானம் உள்ள ஒரு கடைச் சிப்பந்தி கொடுத்தால் 18 சதவீதம்தான், அதாவது 2,160. அந்த வரி ஆண்டில் 65 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 95,750 ரேண்ட் வரை வரியே இல்லை. வரியே இல்லாதவருக்குக் கழிக்கவும் ஒன்றும் இல்லை. அரசு கொடுக்கும் முதியோர் உதவித் தொகையில் வாழும் ஒரு பாட்டி மாதா மாதம் 50 ரேண்ட் எடுத்து வைத்துக் கொடுத்தாலும் அதற்கு அரசின் பங்கு ஒரு சென்ட்கூட இல்லை.

இது முழு நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். வருமானம் கூடக் கூட அரசும் கூடுதலாகக் கைகொடுக்கிறது. ஆனாலும் அந்தப் பணம் பசித்தவருக்குச் சோறாகவும் நோயாளிக்கு மருந்தாகவும் போகிறதே என்பதால் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை மனதில் வைத்திருங்கள். கட்சி நன்கொடை பற்றிப் பேசும்போது இதே கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

குழப்பம் வரும் இடம்

"எங்கள் கோயில் வரிவிலக்குப் பெற்ற கோயில்" என்று பலகை வைத்திருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த விலக்கு கோயிலுக்கு, உங்களுக்கு இல்லை.

நன்கொடை ஒன்று கைமாறும்போது சட்டம் மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்கிறது. வாங்குபவர் அந்தப் பணத்துக்கு வருமான வரி கட்ட வேண்டுமா? கொடுத்தவர் அதைத் தன் வருமானத்தில் கழிக்கலாமா? கொடுத்ததற்காகவே தனியாக நன்கொடை வரி என்று ஒன்று கட்ட வேண்டுமா? ஒன்றுக்கு வந்த பதில் மற்றதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான குழப்பம்.

முதலில் அந்த மூன்றாவது கேள்வியை முடித்துவிடுவோம், அது சின்னது. தென்னாப்பிரிக்காவில் நன்கொடை வரி என்று ஒன்று உண்டு. கொடுப்பவர்தான் கட்ட வேண்டும். மொத்தமாக 3 கோடி ரேண்ட் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 25. மேலே சொன்ன அதே வரி ஆண்டில் தனி மனிதர் கொடுக்கும் முதல் 100,000 ரேண்டுக்கு இந்த வரி கிடையாது. அதனால் சாதாரணக் குடும்பங்கள் இதைப் பற்றிக் கேள்விப்படுவதே இல்லை. சட்ட அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்கோ பதிவு செய்த அரசியல் கட்சிக்கோ கொடுத்தால், எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் இந்த வரி இல்லை.

இப்போது மற்ற இரண்டும். தர்ம அமைப்பு, கோயில், கட்சி மூன்றுமே தாங்கள் வாங்கும் நன்கொடைக்கு வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அமைப்பும் கோயிலும் பொதுநல அமைப்பு என்று சார்ஸிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும், கட்சி தேர்தல் ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதுவரை மூன்றும் ஒன்றுபோலத்தான். கொடுத்தவருக்குக் கழிவு உண்டா என்ற கேள்வியில்தான் வழி பிரிகிறது. அந்த வழியைப் பிரிக்கும் சட்டப் பகுதிதான் 1962ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு. கணக்காளர்கள் பேச்சில் அது வெறும் "எய்ட்டீன் ஏ".

18ஏ பட்டியலில் யார், யார் இல்லை

அந்தச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. முதல் பட்டியல் நீளமானது. ஏழைகள் நலம், மருத்துவம், கல்வி, வீடு, சமயம், கலை, பண்பாடு, பொழுதுபோக்கு விளையாட்டு என்று பலவும் அதில் உண்டு. இந்த வேலைகளில் எதைச் செய்தாலும் அமைப்புக்கு வருமான வரி விலக்குக் கேட்கலாம். இரண்டாவது பட்டியல் குறுகியது. ஏழைகள் நலமும் பேரிடர் உதவியும், மருத்துவம், கல்வி, இயற்கைப் பாதுகாப்பும் விலங்கு நலமும், நிலம் வீடு என்று அதோடு முடிகிறது. கொடுப்பவருக்குக் கழிவு தருவது இந்த இரண்டாவது பட்டியல் மட்டும்தான். அந்த வேலையும் தென்னாப்பிரிக்காவுக்குள் நடக்க வேண்டும்.

சமயம் முதல் பட்டியலில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. கலையும் பண்பாடும் அப்படித்தான். இது நமக்கு மட்டும் வைத்த விதி இல்லை. தேவாலயம், மசூதி, ஜெப ஆலயம் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவடிக்குக் கொடுத்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் தன் தேவாலயத்துக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலும், இரண்டு பேருக்கும் கழிவு இல்லை.

ஏன் அப்படி? பவுனுக்குப் பவுன் ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு சமயத்தின் வழிபாட்டுச் செலவில் மற்ற சமயத்தவரின் வரிப் பணம் பங்கு போடுவது சரியா? பசியும் நோயும் எல்லோருக்கும் பொது. கும்பாபிஷேகம் அதை நம்புகிறவர்களுடையது. கோயிலின் வருமானத்தில் அரசு கை வைக்காது, ஆனால் தன் பணத்தைச் சேர்க்கவும் செய்யாது. நான் கோயிலோடு வளர்ந்தவன். ஆனாலும் இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதற்குள்ளேயே நம் கோயில்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய ஒரு வழி இருக்கிறது. பல கோயில்கள் வழிபாட்டோடு நிற்பதில்லை. வாரம் ஒருமுறை ஏழைகளுக்குச் சூப்பும் ரொட்டியும் கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி செய்கிறார்கள், வெள்ளம் வந்தால் போர்வை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இவை இரண்டாவது பட்டியலில் சேரக்கூடிய வேலைகள். ஒரே அமைப்பு இரண்டு வகை வேலையும் செய்தால், இரண்டாவது வகைக்கு மட்டும் 18ஏ அங்கீகாரம் கேட்கலாம். அப்படி வாங்கினால், 18ஏ ரசீது கொடுத்து வாங்கிய ஒவ்வொரு ரேண்டும் அந்த வேலைக்கே போனது என்று தணிக்கைச் சான்று காட்ட வேண்டும். அதனால் அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைப்பது நல்லது. தனி அறக்கட்டளையாகவே பதிவு செய்துகொண்டால் இன்னும் சுலபம். இது கொஞ்சம் எழுத்து வேலைதான். ஆனால் ஆசிரியை கொடுத்த 12,000 கணக்கைத் திரும்பப் பாருங்கள். கழிவு கிடைக்கும் என்று தெரிந்தால் அவர் அதே 8,280 இழப்புக்கு 12,000 கொடுக்க முடியும். இந்த வித்தியாசத்தை வருடா வருடம் விட்டுவிட்டு, சூப்பு வாளிக்குப் பணம் போதவில்லை என்று மைக்கில் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

திருவிழாவுக்கு வருகிற எல்லோருக்கும் போடும் அன்னதானத்தை இதோடு சேர்க்கக் கூடாது. அது வழிபாட்டின் ஒரு பகுதி. வறுமை நிவாரணம் என்றால் வறியவருக்குப் போய்ச் சேர்வது.

எண்ணைப் பாருங்கள், ரசீதைப் பாருங்கள்

நடைமுறையில் மக்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அமைப்பின் கடிதத் தலைப்பில் ஒரு என்பிஓ எண் இருக்கும். அது சமூக மேம்பாட்டுத் துறையில், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, லாப நோக்கற்ற அமைப்பு என்று பதிவு செய்ததற்கான எண். அதற்கும் வரிக்கும் சம்பந்தம் இல்லை. வரிக்கு வேண்டியது, பொதுநல அமைப்பு என்று அங்கீகரித்து சார்ஸ் கொடுக்கும் பிபிஓ எண், பொதுவாக 930 என்று தொடங்கும். அது இருந்தாலும் போதாது. அந்த அமைப்புக்குக் குறிப்பாக 18ஏ அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளை சார்ஸின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பெரிய தொகை கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அதற்குச் செலவழிப்பது எந்த அமைப்பையும் அவமதிப்பது ஆகாது.

ரசீதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. அமைப்பின் பெயர், முகவரி, பிபிஓ எண், பணம் வந்த தேதி, தொகை, கொடுத்தவர் பெயர், முகவரி, அப்புறம் இது 18ஏ பிரிவுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற வாசகம். 2023 மார்ச் 1 முதல் இதோடு இன்னும் சில விவரங்கள் கேட்கிறார்கள்: கொடுத்தவர் தனி மனிதரா கம்பெனியா, அடையாள எண், வரி எண் இருந்தால் அது, தொலைபேசி, ஈமெயில், ஒவ்வொரு ரசீதுக்கும் தனி வரிசை எண். உண்டியலில் போட்ட பணத்துக்கு இதெல்லாம் எழுத வழியில்லை. அதனால் உண்டியல் காசுக்குக் கழிவும் இல்லை. அமைப்பு உங்கள் ஐடி எண்ணைக் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம், சட்டம் கேட்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். இப்போது அமைப்புகளே கொடுத்தவர் விவரங்களை நேராக சார்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. சார்ஸ் தானே கணக்குப் போட்டு அனுப்பும் மதிப்பீட்டில் உங்கள் நன்கொடை ஏற்கெனவே ஏறியிருக்கலாம். ஏறாவிட்டால் அப்படியே ஒப்புக்கொண்டு விட்டுவிடாமல், ரசீதை வைத்துத் திருத்தம் கேளுங்கள்.

எவ்வளவு வரை கழிக்கலாம்? வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம். 400,000 என்றால் 40,000. 2022 ஏப்ரலில் குவாசுலு-நேட்டாலில் வெள்ளம் வந்தபோது பலர் தங்கள் வழக்கத்துக்கு மீறிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு வருடம் 55,000 கொடுத்துவிட்டால் மீதி 15,000 வீணாகாது, அடுத்த வருடக் கணக்குக்குப் போகும். கம்பெனிகளுக்கும் இதே 10 சதவீதம்தான். சம்பளத்திலிருந்தே மாதா மாதம் பிடித்து அனுப்பும் ஏற்பாடு உங்கள் வேலையிடத்தில் இருந்தால், சம்பளத்தில் 5 சதவீதம் வரையான நன்கொடைக்கு மாத வரியிலேயே கழிவு தந்துவிடுவார்கள். வருட முடிவுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: நன்கொடை என்றால் பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் கொடுப்பது. நிதி திரட்டும் விருந்துக்கு 800 ரேண்ட் டிக்கெட் வாங்கி பிரியாணி சாப்பிட்டால் அது நன்கொடை ஆகாது. குலுக்கல் சீட்டும் ஆகாது. பள்ளிக் கட்டணத்தை நன்கொடை என்று எழுதி வாங்கவும் முடியாது. உழைப்பைக் கொடுத்தால், உதாரணமாக ஒரு எலெக்ட்ரீஷியன் அநாதை இல்லத்தில் கூலி வாங்காமல் வயரிங் செய்து கொடுத்தால், அது பெரிய உதவிதான், ஆனால் கூலியைக் கணக்குப் போட்டுக் கழிக்க முடியாது. தங்கை மகன் படிப்புக்கு நேராகக் கொடுத்த பணமும், தமிழ்நாட்டில் பாட்டன் ஊர்க் கோயிலுக்கோ அங்குள்ள அநாதை இல்லத்துக்கோ அனுப்பிய பணமும் கழியாது. ஒரு வியாபாரி காவடித் திருவிழாவில் தன் கடைப் பெயரோடு பேனர் கட்டுவதற்காக 10,000 கொடுத்தால் அது விளம்பரச் செலவு. அதற்கு வியாபாரக் கணக்கில் வேறு விதி இருக்கிறது, 18ஏ அதற்குத் தேவையில்லை.

கட்சிக்குக் கொடுத்த பணம்

அரசியலுக்குப் பணம் கொடுப்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. 1894இல் காந்தி தொடங்கிய நேட்டால் இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் சந்தாவில்தான் ஓடியது. பின்னாளில் 3 பவுன் தலைவரியை எதிர்த்து 1913இல் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். அந்த வரி 1914இல் நீங்கியது. தில்லையாடி வள்ளியம்மை அதே ஆண்டு பிப்ரவரியில், சிறையிலிருந்து வந்த கொஞ்ச நாளில் இறந்தாள். அரசியலுக்குக் கொடுப்பது தர்மத்துக்குக் கொடுப்பதைவிடத் தாழ்ந்தது என்று அந்த வரலாறு தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கழிவு கிடையாது. எந்தக் கட்சியாக இருந்தாலும், 200 ரேண்டாக இருந்தாலும் 20 லட்சமாக இருந்தாலும் கிடையாது. ஒன்பதாவது அட்டவணையின் இரண்டு பட்டியலிலும் கட்சி அரசியல் இல்லை. வியாபாரிகள் சிலர் இதை வியாபாரச் செலவு என்று எழுதப் பார்ப்பார்கள். வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவாக இருந்தால்தான் அது செல்லும். ஒரு கட்சி ஜெயிக்க வேண்டும் என்று கொடுத்தது அதில் வராது.

இங்கேதான் முன்பு சொன்ன கணக்கு திரும்ப வருகிறது. கட்சி நன்கொடைக்கும் கழிவு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 சதவீத அடுக்கில் இருக்கும் ஒரு செல்வந்தர் 10 லட்சம் ரேண்ட் கொடுத்தால், அவருக்கு உள்ள 10 சதவீத வரம்புக்குள் அது அடங்கினால், அதில் 450,000 பொதுப் பணம். அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாதவரும், அந்தக் கட்சியால் பாதிக்கப்பட்டவரும்கூட அதில் பங்கு போட்டவர் ஆகிறார்கள். சாட்ஸ்வர்த்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா தன் கட்சிக்கு 100 ரேண்ட் கொடுத்தால் அரசு ஒன்றும் சேர்க்காது, ஏனென்றால் அவர் வரி வரம்புக்குள்ளேயே வரவில்லை. தர்மத்தில் இந்தச் சமமின்மையைப் பொறுத்துக்கொண்டோம், ஏனென்றால் முடிவில் பலன் போய்ச் சேர்வது ஏழைக்கு. அரசியலில் பலன் போய்ச் சேர்வது கொடுத்தவரின் குரலுக்கு. ஏற்கெனவே உரத்த குரலை அரசே இன்னும் உரக்க ஒலிக்கச் செய்வதாகிவிடும். ஓட்டுச் சீட்டில் எல்லோரும் சமம் என்ற உரிமைக்காக 1994 வரை போராடிய ஒரு நாட்டில் இது பெரிய அநீதி.

கட்சிகளுக்குப் பொதுப் பணமே போகக் கூடாது என்பதில்லை. அரசியல் சாசனத்தின் 236ஆம் பிரிவு, நாடாளுமன்றத்திலும் மாகாணச் சட்டமன்றங்களிலும் இடம் பெற்ற கட்சிகளுக்கு அரசு நிதி தர வேண்டும் என்கிறது. அந்தப் பணம் தேர்தல் ஆணையத்தின் வழியாக, கட்சிகளின் பலத்தைக் கணக்கில் வைத்துப் பிரிகிறது. அதாவது மக்கள் போட்ட ஓட்டு அதைத் தீர்மானிக்கிறது. யாருடைய பணப்பை கனமானது என்பது தீர்மானிப்பதில்லை. இது கழிவைவிட நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

தர்ம நன்கொடையில் வரித்துறை கேட்கும் கேள்விகளை, கட்சி நன்கொடையில் தேர்தல் ஆணையம் வேறு கோணத்தில் கேட்கிறது. கட்சிகளுக்கு வரும் தனியார் பணத்தின் விவரம் மக்களுக்குத் தெரிய வேண்டும், அது ஓட்டுரிமையின் ஒரு பகுதி என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2018 ஜூனில் தீர்ப்பளித்தது. கட்சிகள் வாங்கும் பணத்துக்கு விதி வைக்கும் கட்சி நிதிச் சட்டமும் அதே 2018ஆம் ஆண்டின் எண்ணைத்தான் தாங்கியிருக்கிறது. 2021 ஏப்ரல் 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவர் ஒரு ஆண்டில் ஒரு கட்சிக்கு 100,000 ரேண்டுக்கு மேல் கொடுத்தால் அது வெளியிடப்பட வேண்டும், 1.5 கோடிக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் இவை 200,000 என்றும் 3 கோடி என்றும் இரண்டு மடங்காக உயர்ந்தன. அதை நான் பின்னடைவாகத்தான் பார்க்கிறேன். ஒரே ஆள் மூன்று கோடி கொடுத்த பிறகு அவருடைய தொலைபேசியை எந்தத் தலைவர் எடுக்காமல் இருப்பார்? ஆணையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் பட்டியலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அரசுத் துறைகளும் அரசு நிறுவனங்களும் கட்சிகளுக்குக் கொடுக்கவே முடியாது. வெளிநாட்டவர் பணத்துக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு.

இந்தியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கட்சி நன்கொடையை முழுதாகக் கழிக்க வழி இருக்கிறது. கனடாவில் மத்தியக் கட்சிகளுக்குக் கொடுக்கும் முதல் 400 டாலருக்கு 75 சதவீதம் வரியிலேயே தள்ளுபடி, சிறிய தொகைக்கு அது தர்ம நன்கொடையைவிடத் தாராளம். அங்கே சிறு தொகை கொடுப்பவரை ஊக்குவிப்பதுதான் நோக்கம். தனி மனிதர் கட்சிக்குக் கொடுக்கும் தொகைக்கு ஒரு சிறிய உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். வரம்பைக் கோடிகளில் வைத்துக்கொண்டு அந்தத் தள்ளுபடியை மட்டும் இங்கே கேட்பது சரிவராது.

மேடையில் கவனம்

கோயில் நிர்வாகிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. பொதுநல அமைப்பு என்று சார்ஸிடம் அங்கீகாரம் வாங்கிய எந்த அமைப்பும் தன் பணத்தையோ வசதிகளையோ, நேராகவோ சுற்றுவழியிலோ, எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. தேர்தல் வருடத்தில் இது வெறும் ஏட்டு விதி இல்லை. கூழ் பூஜைக்கு ஒரு கவுன்சிலர் மற்ற பக்தர்களைப்போல வந்து வணங்கிவிட்டுப் போவதில் தப்பில்லை. எல்லாக் கட்சியையும் அழைத்து மண்டபத்தில் வாக்காளர் கூட்டம் நடத்துவது வேறு. ஒரே கட்சிக்கு மண்டபத்தை இலவசமாகக் கொடுத்து, கோயில் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கட்சியின் நோட்டீஸை அனுப்பினால், கோயிலின் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும். 18ஏ ரசீது கொடுக்கும் அமைப்பாக இருந்தால் அதற்குக் கொடுத்த எல்லோருடைய நம்பிக்கையும் அதோடு சேர்ந்து அடிபடும்.

உயில் எழுதும் வயதில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. வாழும்போது கோயிலுக்குக் கொடுத்ததற்குக் கழிவு இல்லை என்றாலும், உயில் வழியாகக் கொடுத்தால் நிலைமை வேறு. இறந்தவர் சொத்தில் 35 லட்சம் ரேண்டுக்கு மேல் உள்ளதற்குச் சொத்து வரி 20 சதவீதத்தில் தொடங்குகிறது. பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம் பெற்ற எந்த அமைப்புக்கு எழுதிவைத்த பங்கும் அந்தக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதற்கு இரண்டாவது பட்டியலில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் கோயிலும் அதில் அடங்கும். உயிலில் அமைப்பின் சரியான பெயரையும் பிபிஓ எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். "ஊர் மாரியம்மன் கோயிலுக்கு" என்று மட்டும் எழுதினால் பின்னால் பிள்ளைகளுக்குத் தலைவலி.

வரி ஆண்டு பிப்ரவரி கடைசி நாளோடு முடிகிறது. அந்த வருடக் கழிவு வேண்டும் என்றால் பணம் அதற்குள் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தருகிறேன் என்று சொன்ன வாக்கு கணக்கில் சேராது. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருவதால் கடைசி நேர நன்கொடைகளை அப்போதே முடித்துவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்வது வசதி. கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், சார்ஸ் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.